காதுகுத்துக்கு வராத தாய்மாமன்

நான் விமானப்படையில் விமானம் ஓட்டினேன். அது என்ன வேலை என்பதை எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் கடைசிவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் மாடு என்று பிழைக்கிற ஊர். அங்கே ‘ஓட்டுகிறவன்’ என்றால் லாரி டிரைவர், இல்லையென்றால் பஸ் டிரைவர். ஊர் வழியாகப் போகும்போது அவர்கள் வண்டியை நிறுத்துவார்கள், வீட்டில் ஒரு வாய் சோறு தின்பார்கள், போவார்கள். நான் வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ரயிலில் வந்து இறங்கினால் என்ன மரியாதை இருக்கும்?

“பிளேன் ஓட்டுறேங்குற, ரயில்ல வார?” என்று கேட்பார் என் சித்தப்பா. “ஒரு தடவ நம்ம கம்மாய் மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போனா கொறஞ்சா போயிருவ?”

“அது கவர்மெண்டு பிளேன் சித்தப்பா. உத்தரவு இல்லாம ஒரு அடி நகத்த முடியாது.”

“லாரி மட்டும் என்ன அவன் அப்பன் வீட்டு லாரியா? மொதலாளி லாரிதான். நம்ம பய நிறுத்துறானா இல்லையா?”

இதற்கு மேல் பேசினால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும்.

எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் நான் நாட்டின் வடகிழக்கு மூலையில், ஒரு விமானத்தளத்தில் இருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த நேரமும் சண்டை மூளும் என்று எல்லாரும் சொன்னார்கள். என் விமானம் குண்டு போடுகிற ரகம் இல்லை, சரக்கு விமானம். போகும்போது அரிசி, பருப்பு, பூட்ஸ், தோட்டாப் பெட்டி. வரும்போது அடிபட்டவர்கள், காய்ச்சல்காரர்கள். சித்தப்பா லாரியோடு சேர்த்துப் பேசியதும் ஒருவகையில் சரிதான்.

விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, பால் பவுடர் டீயைக் குடித்து, விமானத்தில் ஏறி அத்தனை பட்டைகளையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பனிமூட்டம். நம் விமானத்தின் இறக்கை நுனியே நமக்குத் தெரியாது. பனி விலகினால் சரக்கு வந்திருக்காது. சரக்கு வந்தால் ஏற்ற ஆள் இருக்காது. ஆள் வந்தால் இஞ்சினில் எண்ணெய் ஒழுகும். போர்க்காலத்து விமானி என்றால் எந்நேரமும் வானத்தில் இருப்பவன் என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி நேரம் அவன் தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருப்பான்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. காலையில் பூரிக்கு உருளைக்கிழங்கு, மதியம் சோற்றுக்கு உருளைக்கிழங்கு, ராத்திரி சப்பாத்திக்கும் அதே உருளைக்கிழங்கு. ஒருநாள் எனக்காகவே சாம்பார் வைத்திருப்பதாகச் சமையல்காரர் பெருமையோடு கொண்டுவந்தார். அதிலும் உருளைக்கிழங்குதான், கூடவே சர்க்கரை. மனுஷன் ஆசையாக முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், துப்பவும் முடியாது. அன்றைக்குப் படுத்தபோது அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பும், சோளச்சோற்றை உருட்டி என் கையில் வைக்கும் அவள் கையும் நினைவுக்கு வந்துவிட்டன. மீசை வைத்த ஆபீசர், கம்பளிக்குள் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவை நினைத்து அழுதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அழுதேன்.

அப்பா இல்லை. அம்மாவுக்கு அக்காவும் நானும்தான். அக்காவை மதுரைப் பழங்காநத்தத்தில் இரும்புக்கடை வைத்திருந்த மச்சானுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாகச் சுற்றி, ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி இல்லாமல் ஆகாது. மாமன் சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்கக் கோயிலுக்கு வர வேண்டும், மாமனுக்கு மாலை போட வேண்டும், மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரே மாமன் நான்.

நான் வராவிட்டால் பங்காளிகளில் ஒருத்தர் உட்காரலாம், தப்பில்லை. ஆனால் எட்டு வருஷம் மலடி என்று பேச்சு வாங்கிய அக்காவுக்கு, கூடப் பிறந்தவனும் எட்டிப் பார்க்கவில்லை என்று இன்னொரு பேச்சு சேரும். அதனால் தம்பி மடியில்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததில்லை. கார்த்திகையா தையா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு லீவு எப்போது என்று எனக்கே தெரியாது.

கடிதத்தில் எழுதுவதைவிட வாயால் பேசினால் புரியும் என்று மச்சான் கடைத் தொலைபேசிக்கு டிரங்க் கால் போட்டேன். கல்கத்தா கிடைத்தால் மெட்ராஸ் கிடைக்காது. மெட்ராஸ் கிடைத்தால் மதுரை கிடைக்காது. இரண்டு நாள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் தவம் கிடந்த பிறகு லைன் வந்தது. அம்மா அப்போது அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அதுவரை போனில் பேசியதே இல்லை. மச்சான் ரிசீவரைக் கையில் கொடுத்ததும், கம்பி வழியாக இல்லாமல் நேராகவே எனக்குக் கேட்கட்டும் என்கிற மாதிரி கத்தினாள்.

“ஏப்பா, சாப்டியா?”

“சாப்ட்டேம்மா. காதுகுத்து விசயமாத்தான்…”

“என்ன சாப்ட?”

“அத விடும்மா! இப்ப லீவு கெடையாது. தேதி எதுவும் வச்சுராதீங்க.”

“மெலிஞ்சு போயிட்டியாமே?”

நான் மெலிந்த செய்தியை அவளுக்கு யார் கொண்டுபோய்ச் சொன்னார்கள்? கேட்க நேரமில்லை. நடுவில் வேறு யாரோ ஒருவர் இந்தியில் சிமெண்ட் விலை பேசிக்கொண்டிருந்தார்.

“லீவு இல்லம்மா! லீவு!”

“என்னது? இங்க அம்புட்டுச் சத்தமா இருக்கு, ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது.”

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தார். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். சொல்ல வேண்டிய எதையும் சொல்லாமல், “சரிம்மா, வாரேன்!” என்று கத்தினேன். லைன் போய்விட்டது.

எங்கள் பக்கம் கிளம்பும்போது ‘போறேன்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். அது ஆகாத பேச்சு. வெற்றிலை வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும், கண்காணாத சீமைக்குக் கிளம்பினாலும் ‘வாரேன்’தான். கோபித்துக்கொண்டு உறவை முறித்துவிட்டுப் போகிறவன்கூட வாசலில் நின்று, ‘இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன், வாரேன்’ என்றுதான் சொல்லுவான். என் வாயும் அப்படித்தான் சொன்னது.

கடையில் அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, “வாரேன்னுட்டான்” என்று அறிவித்தாளாம்.

அவ்வளவுதான். மார்கழி பிறக்குமுன் முடித்துவிட வேண்டும் என்று கார்த்திகைக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள். தாய்மாமன் என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பத்திரிகை அடித்தார்கள். கிடாய் வாங்கினார்கள். மேளம் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் தந்தி கொடுத்தார்கள். அந்தத் தந்தியை எழுதிய புண்ணியவான் மச்சான் கடைக் கணக்குப்பிள்ளை. காதுகுத்து என்பதற்கு அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதியிருந்தார்: ‘இயர் போரிங் பிக்ஸ்டு. ஸ்டார்ட் இமீடியட்லி.’

அந்த நேரத்தில் எங்களுக்கு வருகிற தந்தி எல்லாம் முதலில் கமாண்டர் கைக்குப் போகும். அவர் பஞ்சாப்காரர், நல்ல உயரம், சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, “உன் காதில் என்ன கோளாறு?” என்றார்.

விமானிக்குக் காது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. சளி பிடித்துக் காது அடைத்தாலே பறக்க விட மாட்டார்கள். நான் ஏதோ காது வியாதியை மறைத்து, ஊரில் ரகசியமாக ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறேன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். என் காது இல்லை சார், என் அக்கா மகளின் காது என்றேன். தோடு போடுவதற்கு என்றேன்.

“குழந்தைக்குத் தோடு போட விமானி எதற்கு?”

நியாயமான கேள்விதான். தாய்மாமன் மடியை இங்கிலீஷில் விளக்கிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. நம் ஊரில் யாராவது புளுகினால் ‘எனக்கே காது குத்துறியா’ என்று கேட்போம். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பார். டாக்டரிடம் அனுப்பினார். அவர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தைரியத்தில் லீவு கேட்டேன். எல்லாருடைய லீவும் ரத்தாகிவிட்டது என்றார் கமாண்டர். ‘லீவு இல்லை, வர முடியாது, விசேஷத்தை நிறுத்தவும்’ என்று நான் பதில் தந்தி கொடுத்தேன். அந்த வாரமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

என் தந்தி போய்ச் சேராமல் இல்லை. ஒழுங்காகச் சேர்ந்தது. கணக்குப்பிள்ளை வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மா காதிலேயே வாங்கவில்லை. “தந்தியெல்லாம் யாரோ அடிக்கிறது. எம் மகன் வாயால வாரேன்னு சொன்னான்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாளாம். பிறகு யாருக்கு நிறுத்தத் தைரியம் வரும்?

முகூர்த்தத்தன்று காலையில் நான் முன்வரிசைத் தளம் ஒன்றில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். விமானத்தின் கதவு சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த நேரம் கோயிலில் மேளம் ஆரம்பித்திருக்கும் என்கிற நினைப்பு ஒருபக்கம், ஓடுபாதையை எந்நேரமும் குண்டு போட்டு உடைப்பார்கள் என்கிற பயம் ஒருபக்கம். “ஒழுங்கா சாத்தித் தொலையேன் சனியனே” என்று கதவை உதைத்தேன்.

“அண்ணே, மதுரப் பக்கமா?” என்று கீழே ஸ்டிரெச்சரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஒரு சிப்பாய். முழங்காலுக்குக் கீழே ஒரே கட்டு. திருவாதவூர்க்காரராம். நான் உசிலம்பட்டிப் பக்கம் என்றதும், அந்த வலியிலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வண்டிய நீங்கதான் ஓட்டுறீகளாண்ணே?”

“ஆமா.”

“அப்பச் சரி. பாத்து மெதுவாப் போங்கண்ணே. பள்ளத்துல விட்டுறாதீக, காலு தெறிக்குது.”

ஆகாயத்தில் பள்ளம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றைக்கு வழியெல்லாம் பள்ளம்தான். தரையிறங்கி ஸ்டிரெச்சரைக் கீழே இறக்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்கு எழுதிப் போட்டுறாதீகண்ணே. ஆத்தா தாங்காது” என்றார். எழுத மாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி வண்டி அவரை ஏற்றிப் போன பிறகு இருக்கையில் உட்கார்ந்து நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் கணக்குப்பிள்ளைதான் தந்தியை வாசித்துக் காட்டுவார். ஊருக்குப் போக வேண்டும், எப்படியாவது உயிரோடு ஊருக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்த மாதிரி நான் வேறு எப்போதும் நினைத்ததில்லை.

சண்டை சீக்கிரமே முடிந்தது. லீவு கிடைக்கத் தை பிறந்துவிட்டது. வழக்கம்போல ரயிலில்தான் வந்து இறங்கினேன். பழங்காநத்தத்தில் அக்கா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்து ஓவென்று அழுதாள், அழுது முடித்ததும் திட்ட ஆரம்பித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். தலைநிறைய முடி, காது இரண்டும் மூளியாக இருந்தன.

“ஏன்க்கா, காது குத்தலையா?”

“குத்துன லட்சணத்தக் கேளு” என்றாள் அக்கா.

கோயிலில் எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. மடிக்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் மச்சானுடைய அப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: மாமனுடைய படத்தையாவது மணையில் வைப்போம், பக்கத்தில் பங்காளி ஒருத்தன் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யூனிபார்மில் நான் நிற்கிற படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததை எடுத்துவந்து மணையில் வைத்தார்கள். அதுவரைக்கும்கூடச் சரி. அடுத்த முறை என்ன? மாமனுக்கு மாலை போடுவது. மாலை தட்டில் இருக்கிறது, மாமன் மணையில் இருக்கிறார். எங்கள் சித்தப்பா எதிலும் முறை தவறாதவர். மாலையை எடுத்து என் படத்துக்குப் போட்டுவிட்டார்.

சண்டை நடக்கிற நேரம். பட்டாளத்துக்காரன் படம். அதில் ரோஜாப்பூ மாலை.

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்களாம். பின்னால் இருந்த ஒரு அம்மா, விஷயம் தெரியாமல், ‘ஐயோ, ராசா’ என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே எடுத்துவிட்டாள். என் அம்மா எழுந்தாள். மாலையைப் பிய்த்து எறிந்தாள். சித்தப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். பிள்ளையைப் பிடுங்கி அக்கா கையில் கொடுத்து, “எம் மகன் வந்து குத்துவான். இல்லாட்டி இது மூளிக்காதாவே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்து போய்ப் பஸ் ஏறிவிட்டாள். இலை போட்டு உட்கார்ந்திருந்த சனம், இது விசேஷச் சோறா, கேதச் சோறா என்று தெரியாமல் முழித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம், மச்சான் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“எங்க மாமியா இன்னவரைக்கும் எங்கூடப் பேசல” என்று முடித்தாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குண்டுக்கும் பனிக்கும் தப்பி வந்தவனை இவர்கள் ஒரு மாலையில் கொன்றிருக்கிறார்கள். நான் இல்லாத நேரத்தில் நாள் வைக்கச் சொன்னது யார்? வேண்டாம் என்று தந்தி கொடுத்தேனா இல்லையா? அக்காவிடம் கத்தினேன். அவள் உன் அம்மாவைப் போய்க் கேள் என்றாள்.

ஊருக்குப் போயும் அம்மாவை உடனே கேட்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தையும் தோளையும் தடவிக்கொண்டே இருந்தாள். வந்த முதல் முகூர்த்தத்திலேயே மறுபடி கோயிலுக்குப் போனோம். இந்தத் தடவை மேளம் கிடையாது, வீட்டு ஆட்கள் மட்டும்தான். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி பக்கத்தில் வருவதற்கு முன்பே அவள் என் மூஞ்சியைப் பார்த்து அலற ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு நான் யாரோ ஒரு மீசைக்காரன். நெஞ்சில் எட்டி உதைத்தாள், மீசையைப் பிடித்து இழுத்தாள். இறுகப் பிடித்துக்கொண்டேன். மொட்டையும் போட்டு, இரண்டு காதும் குத்தி முடிந்தது. அக்காவின் மாமியார் முதல் ஆளாக வந்து, “தாய்மாமன் மடி தாய்மாமன் மடிதேன்” என்று அக்காவிடம் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். மரத்தடியில் பிள்ளையை மடியில் போட்டு, காதில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ‘வாரேன்’னா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு எம்புட்டுக் கூத்து பண்ணிருக்க?”

“தெரியாம என்ன? பொறந்ததுலருந்து அதத்தான பேசுறேன்.”

“பெறகு?”

“உசிலம்பட்டிச் சந்தையில அம்புட்டுப் பேரும் சண்ட வருது, சண்ட வருதுன்னாக” என்றாள். விசிறுவதை நிறுத்தவில்லை. “அதுக்கு முன்னால ஒன்னய இங்கிட்டு இழுத்துப் போட்டுறணும்னு பாத்தேன். சும்மா வான்னா வருவியா? பத்திரிக அடிச்சு, கெடா வாங்கி, மேளமுஞ் சொல்லிட்டா வராம என்ன செய்வ?”

இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, போர் என்றால் என்னவென்றே தெரியாது என்று அத்தனை நாளும் நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் விடவில்லை.

“வந்திருந்தாலும் லீவு முடிஞ்சதும் கெளம்பியிருப்பேனே?”

“நான் விட்டாத்தான?”

“வெளையாடாதம்மா. சண்ட நேரத்துல திரும்பிப் போகலைன்னா ஓடிப்போனவன்னு சொல்லிப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. வருசக்கணக்கா செயில்ல போடுவாங்க. தெரியுமா?”

அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“போடட்டுமே. செயிலுன்னா சொவரு இருக்கும், வாசலு இருக்கும். சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து ஒன்னயப் பாத்துட்டுப் போவேன். ஆகாசத்துல எங்கிட்டுன்னுய்யா வந்து ஒன்னயத் தேடுறது?”